கூரையற்ற இரவும் நாற்பத்தெட்டுப் பாடல்களும்

2020 மார்ச் 3. நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத் தலைநகரான நாஷ்வில் மீது ஒரு டொர்னேடோ இறங்கியது. ஈ.எஃப்.-3 வகை. மேற்கிலிருந்து கிழக்காக நகரத்தை ஒரு கோடு கிழித்ததுபோல அறுத்துக்கொண்டு போனது. அன்றிரவு வீசிய டொர்னேடோக்களில் டென்னஸியில் மொத்தம் 25 பேர் இறந்தார்கள். அந்தக் கோட்டின் மேல், கிழக்கு நாஷ்வில்லின் ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதியில், வுட்லண்ட் என்ற பழைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. அதன் கூரை பெயர்ந்துவிட்டது. உள்ளே மழை கொட்டியது. மின்சாரம் இல்லை.

கூடத்தின் உரிமையாளர்களான கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் இருட்டில் ஓடி வந்தார்கள். கிதார்களையும், அவற்றைவிட முக்கியமாக ஒலிநாடாப் பெட்டிகளையும் தூக்கித் தூக்கி நனையாத இடத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் வாழ்நாளில் பதிவு செய்தவற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. வெளிவந்த ஆல்பங்களின் மூல நாடாக்கள். வெளியே யாருமே கேட்டிராத பாடல்களின் நாடாக்கள்.

நான்கரை ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 23 அன்று, இருவர் பெயரிலும் ஒரு புதிய ஆல்பம் வந்தது. பத்துப் பாடல்கள். பெயர் 'வுட்லண்ட்'. கட்டடத்தின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்துவிட்டார்கள்.

அந்த ஆல்பம் எப்படி உருவானது என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் 2020லிருந்து தொடங்கினால் கதை புரியாது. சொந்தமாக ஒரு கூடம், சொந்தமாக ஒரு இசை நிறுவனம், சொந்த நாடாக்கள் என்று இரண்டு நாட்டுப்புறப் பாடகர்கள் ஏன் இப்படி எல்லாவற்றையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்? அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

தொப்பிக் கிடங்கில் ஒரு ஒப்பந்தம்

பிரிஸ்டல் என்பது டென்னஸியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் ஊர். அதன் ஸ்டேட் ஸ்ட்ரீட்தான் எல்லை. தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. 1927 ஜூலை கடைசியில் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பீர் என்பவர் பதிவுக் கருவிகளோடு அங்கே வந்து இறங்கினார். ஒரு தொப்பி நிறுவனத்தின் கட்டடத்தில் மாடியைப் பிடித்தார். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டார். மலைக் கிராமங்களிலிருந்து பாடத் தெரிந்தவர்கள் வந்தார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் 19 குழுவினர் 76 பாடல்களைப் பதிவு செய்தார்கள். அமெரிக்க கன்ட்ரி இசையின் பிறப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தப் பன்னிரண்டு நாட்களைத்தான்.

அப்படி வந்தவர்களில் ஒரு குடும்பம் கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். மேபெல் அப்போது 18 வயதுக் கர்ப்பிணி. மெல்லிசைக் கம்பிகளில் தாளத்தையும் கனத்த கம்பிகளில் மெட்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் அவருடைய கிதார் பாணியைப் பின்னாளில் உலகமே காப்பியடித்தது.

என்னை ஈர்த்தது இசையைவிட அந்த ஒப்பந்தம்தான். பாடியவர்களுக்குப் பாட்டுக்கு 50 டாலர், கூடவே விற்பனையில் சிறு பங்கு. அந்தக் காலத்து மலைக்காரர்களுக்கு 50 டாலர் பெரிய காசு. யாரும் குறை சொல்லவில்லை. பீர் மட்டும் விக்டரிடம் வேறொரு பேரம் பேசியிருந்தார். எனக்குச் சம்பளம் வேண்டாம், பாடல்களின் பதிப்புரிமை மட்டும் எனக்குப் போதும் என்றார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். இசையில் உரிமை என்பது ஒன்று அல்ல, இரண்டு. பாட்டு என்ற இயற்றல் (சொல்லும் மெட்டும்) ஒரு சொத்து. அந்தப் பாட்டைக் குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒருவர் பாடிய ஒலிப்பதிவு வேறொரு சொத்து. வேறு யாராவது அந்தப் பாட்டைப் புதிதாகப் பாடினாலும் முதல் சொத்தின் உரிமையாளருக்குக் காசு போகும். பதிவை யார் விற்றாலும் இரண்டாவது சொத்தின் உரிமையாளருக்குப் போகும். பீர் பிடித்தது முதல் சொத்தை. கம்பெனி பிடித்தது இரண்டாவதை. பாடினவர் கையில் இரண்டுமே இல்லை. அவருக்கு இருந்தது 50 டாலரும் ஒரு சிறு சதவீதமும்தான்.

பீருக்கு இன்னொரு தேவையும் வந்தது. ஏற்கெனவே பதிப்புரிமை உள்ள பாட்டு பயனில்லை. பதிவு செய்யத் தோதான, 'புதிய' பழைய பாட்டுகள் வேண்டும். ஆக ஏ.பி. கார்ட்டர் மலை மலையாக ஏறி இறங்கிப் பாட்டு சேகரித்தார். அவரோடு போனவர் லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிதார்க் கலைஞர், ஒரு விபத்தில் கால் இழந்தவர். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக்காட்டுவார். அதாவது அந்தப் பயணங்களில் ஒலிப்பதிவுக் கருவி ரிடில்தான். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும்வரை அவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் பதிவுகள் தனி ஆல்பமாக வந்தது 1993இல். அப்போது அவர் உயிரோடு இல்லை.

நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் ஒரு பெருமிதத்தோடு சொல்கிறோம். அது பாதி உண்மை. யாருக்கும் சொந்தமில்லாத பொருளை முதலில் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவனுக்கு அது சொந்தமாகிவிடும். புறம்போக்கு நிலத்துக்கு நடப்பதுதான் இதுவும்.

ஒரு சினிமாக் கொட்டகையின் மறுபிறவி

வுட்லண்ட் முதலில் ஒரு சினிமா தியேட்டர். 1967இல் க்ளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் அதை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். ஸ்னாடியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிவு செய்யும்போது மிக்ஸிங் பலகையில் ஒரு பாகம் பழுதாகி, பேஸ் கிதார் கரகரவென்று தேனீக் கூட்டம்போல ஒலித்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு வெற்றி. பிறகு அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு மின்சுற்றை ஸ்னாடி உருவாக்கி கிப்ஸன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதுதான் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன். ராக் இசையில் அந்தச் சத்தம் இல்லாத பத்தாண்டே கிடையாது. எங்கள் தொழிலில் 'இது பக் இல்லை, ஃபீச்சர்' என்று நாங்கள் கிண்டலாகச் சொல்வோம். ஸ்னாடி அதை நிஜமாகவே செய்துகாட்டியவர்.

1971 ஆகஸ்டில் இந்தக் கூடத்துக்கு நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற கலிஃபோர்னியா இளைஞர்கள் வந்தார்கள். தலைமுடி நீண்டவர்கள். வியட்நாம் போர் நாட்டை இரண்டாகக் கிழித்திருந்த சமயம். நாஷ்வில்லின் பழைய தலைமுறை இவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. அந்தப் பழைய தலைமுறையையே, ராய் அகஃப், டாக் வாட்ஸன், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்று வரிசையாக, தங்களோடு உட்கார வைத்துப் பாடவைத்தார்கள். 'வில் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' என்று மூன்று இசைத்தட்டுகளாக 1972இல் வெளிவந்தது. பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொண்டதும் அப்படியே இருக்கிறது. அந்த அறையில் மேபெல் கார்ட்டரும் இருந்தார். பிரிஸ்டல் தொப்பிக் கட்டடத்தின் மாடிக்கு ஏறிய பெண். இப்போது 62 வயது.

பிரிஸ்டலுக்கும் வுட்லண்டுக்கும் நடுவே ஓடுகிற கம்பி இதுதான்.

மலையில் பிறக்காதவர்

கில்லியன் வெல்ச் மலைப் பெண் அல்ல. 1967இல் நியூ யார்க்கில் பிறந்து, பிறந்தபோதே தத்தெடுக்கப்பட்டவர். வளர்ப்புப் பெற்றோர் கென், மிட்ஸி வெல்ச் இருவரும் இசைக்கலைஞர்கள். 'த கேரல் பர்னெட் ஷோ' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுதியவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்படக்கலை படித்தார். அங்கேதான் ஸ்டான்லி சகோதரர்களின் பழைய ப்ளூகிராஸ் பாடல்கள் காதில் விழுந்தன. பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். ராலிங்ஸைச் சந்தித்தார். 1992இல் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்.

1996இல் டி போன் பர்னெட்டின் தயாரிப்பில் 'ரிவைவல்' வந்தது. அனாதைகள், சாராயம் காய்ச்சுகிறவர்கள், பஞ்சம் பிழைக்கும் உழவர்கள். பாடல்கள் 1930களில் எழுதப்பட்டவைபோல இருந்தன. உடனே ஒரு குற்றச்சாட்டும் வந்தது. ஹாலிவுட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அப்பலாச்சிய மலையின் துயரம் என்ன தெரியும்? இது வேஷம் இல்லையா?

நம்மூரிலும் கேட்கப்படும் கேள்விதான் இது. கேட்பதில் தவறில்லை. ஆனால் மலையிலேயே பிறந்த கார்ட்டர் குடும்பத்தின் மிகப் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றான 'வைல்ட்வுட் ஃப்ளவர்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது 1860இல் அச்சான, வசதிபடைத்தோர் வீட்டு வரவேற்பறைகளுக்காக எழுதப்பட்ட ஒரு பாட்டு. தாளில் அச்சாகி, மலை ஏறி, வாய்வழியாகச் சொற்கள் சிதைந்து, 'நாட்டுப்புறப் பாடலாக' இறங்கி வந்தது. மூலம் தேடிக்கொண்டே போனால் கடைசியில் ஏதோ ஒரு நகரத்தில் ஒரு அச்சுக்கூடம்தான் இருக்கும்போல. ஆகவே ஒரு பாடகியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதைவிட, அவர் பாட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்பது நியாயம் என்று எனக்குப் படுகிறது.

வெல்ச்சும் ராலிங்ஸும் செய்தது, ஒலியைக் குறைத்துக்கொண்டே போனது. இரண்டு குரல், இரண்டு கிதார். வெல்ச் வாசிப்பது 1956இன் கிப்ஸன். ராலிங்ஸ் வாசிப்பது 1935இன் எபிஃபோன் ஒலிம்பிக். சிறிய உடம்பு, அந்தக் காலத்தில் மலிவு விலை கிதார். அதிலிருந்து அவர் எடுக்கிற ஸ்வரங்கள் கூர்மையாக, சற்றே நெருடலாக, மெட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவைபோல வரும்.

எல்லாம் இலவசமான வருடம்

2000இல் கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படம் வந்தது. அதன் பாடல் தொகுப்பில் வெல்ச் பாடியிருக்கிறார். படத்திலும் ஒரு நிமிடம் வருவார், இசைத்தட்டுக் கடையில் பாட்டு கேட்டு ஏமாந்து திரும்பும் வாடிக்கையாளராக. தொகுப்பு பல லட்சம் பிரதிகள் விற்று 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. பழைய மலைப் பாடல்களுக்குத் திடீர் மவுசு.

வேறு யாராக இருந்தாலும் அந்த அலையில் ஏறி ஒரு பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர்களோ அப்போதுதான் பழைய நிறுவனத்திலிருந்து விலகிச் சொந்தமாக 'அகோனி ரெக்கார்ட்ஸ்' தொடங்கினார்கள். அகோனி பெல் என்பது அப்பலாச்சிய மலையில் குளிர் முழுதாக விலகுமுன்பே பூக்கும் ஒரு சிறு வெள்ளைப் பூ. முதல் ஆல்பத்தில் அதன் பெயரில் ஒரு பாட்டும் இருக்கிறது. முதல் இரண்டு ஆல்பங்களும் பின்னர் அகோனியின் பெயரிலேயே மறுபடி வெளிவந்தன.

அகோனியின் முதல் வெளியீடு 'டைம் (த ரெவலேட்டர்)', 2001 ஜூலை 31. எல்விஸ் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்த ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில் பெரும்பாலும் பதிவானது. அந்த மாதம் இசை உலகில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1999இல் தொடங்கி இசைத்தொழிலையே ஆட்டிவைத்த நாப்ஸ்டர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது அதே 2001 ஜூலையில்தான். ஆல்பத்தில் 'எவ்ரிதிங் இஸ் ஃப்ரீ' என்றொரு பாட்டு. உழைப்பையெல்லாம் இலவசமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், எப்படியும் நான் பாடத்தான் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, சரி, நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொள்கிறேன் என்கிற தொனி. கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. சோர்வோடு கலந்த ஒரு கௌரவம்.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது ஒரு ராத்திரி ரிலீஸின்போது. நான்கு மணிநேர வேலையில் மூன்றரை மணிநேரம் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஒரு ஸ்ட்ரீமிங் செயலி தானாகவே அடுத்த பாட்டாக இதைப் போட்டது. எல்லாம் இலவசமாகிவிட்டது என்று வருந்தும் பாட்டை, கிட்டத்தட்ட இலவசமாகவே, நான் தேடாமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு எழுதப்பட்டபோது ஸ்ட்ரீமிங் என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. பின்னால் ஃபீபி பிரிட்ஜர்ஸ், கோர்ட்னி பார்னெட் என்று அடுத்த தலைமுறைப் பாடகிகள் இதை மேடையில் பாடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு இது வரலாறு இல்லை, மாதச் சம்பளக் கணக்கு.

ஒரு வார இறுதியில் 48

2002இல் வெல்ச்சுக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருந்தது. பாடல்களின் பதிப்புரிமைக்காக ஒரு வெளியீட்டாளரோடு முன்பே செய்த ஒப்பந்தம். ரால்ஃப் பீரின் முதல் சொத்து நினைவிருக்கிறதா, அதேதான். அதிலிருந்து வெளியே வர வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடல்களைக் கொடுத்தாக வேண்டும்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பழைய நோட்டுப்புத்தகங்களில் பாதியில் நின்ற பாடல்களையெல்லாம் எடுத்து முடித்தார்கள். ஒரே வார இறுதியில் 48 பாடல்கள் பதிவாயின. பெரும்பாலும் ஒரே டேக். கணக்கு முடிந்தது. நாடாக்கள் அலமாரிக்குப் போயின. அவற்றில் 'வேலி ஆஃப் டியர்ஸ்' பாடலை 2006இல் சோல் இசை மேதை சாலமன் பர்க் பாடினார். மற்றவற்றில் பெரும்பாலானவை 18 ஆண்டுகள் பெட்டியில் தூங்கின.

இதே காலத்தில்தான் வுட்லண்ட் கூடம் இவர்கள் கைக்கு வந்தது. பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, மிக்ஸ் செய்வது, வெளியிடுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2011இல் வந்த 'த ஹாரோ அண்ட் த ஹார்வெஸ்ட்' எட்டு வருட இடைவெளிக்குப் பின் வந்த ஆல்பம். அதை விரும்பிய தரத்தில் இசைத்தட்டாக வெளியிட முடியவில்லை என்று சொந்தமாக ஒரு தட்டு வெட்டும் லேத்தையே வாங்கிப் பழுதுபார்த்தார்கள். நாடாவிலிருந்து வரும் ஒலிக்கு ஏற்ப அதிரும் ஊசி, லாக்கர் பூசிய தட்டில் நேரடியாகப் பள்ளம் வெட்டும் இயந்திரம் அது. 2017இல்தான் அந்த ஆல்பம் இசைத்தட்டாக வந்தது. கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. ஒரு பாட்டுக்காக லேத் வாங்கினவர்களை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. எங்கள் மொழியில் சொன்னால், ஃபுல் ஸ்டாக் கலைஞர்கள்.

நனைந்தால் என்ன ஆகும்?

இப்போது அந்த மார்ச் இரவுக்கு வருவோம்.

இதை அலுவலக நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏன்ப்பா, எல்லாத்தையும் டிஜிட்டலா மாத்தி ரெண்டு காப்பி க்ளவுட்ல போட்டிருந்தா இந்த ஓட்டமே தேவையில்லையே?"

நியாயமான கேள்வி. நாங்கள் தொழிலில் சொல்லும் மந்திரமே மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பதுதான். ஆனால் நாடாவின் கணக்கு வேறு. 2,500 அடி நீளமுள்ள ஒரு சுருள், நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் பதினாறரை நிமிடம்தான் வரும். ஒரு பாட்டுக்குப் பத்து டேக் என்றால் எத்தனை சுருள், எத்தனை பெட்டி என்று போட்டுப் பாருங்கள். டிஜிட்டலாக்க ஒவ்வொன்றையும் நிஜ நேரத்தில் ஓட்டியாக வேண்டும். காப்பி-பேஸ்ட் கிடையாது. பழைய நாடாக்கள் சிலவற்றில் இரும்புத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அவற்றை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வாட்டிய பிறகே ஓட்ட முடியும். அப்பளத்தை வெயிலில் வைப்பதுபோல. ஒரு சிறு நிறுவனம் அன்றாட வேலையோடு இதைச் செய்து முடிப்பது எளிதல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நிறுவனத்திடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கே ஒரு கிடங்கில் யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் மூல நாடாக்கள் இருந்தன. அப்போது பெரிதாக எதுவும் போகவில்லை என்பதுபோலத்தான் செய்திகள் வந்தன. 2019இல் நியூ யார்க் டைம்ஸ் இதழ் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் காட்டி, சுமார் ஐந்து லட்சம் பாடல்களின் மூலப்பதிவுகள் அழிந்திருக்கலாம் என்று எழுதியது. நிறுவனம் அந்த எண்ணிக்கையை மறுத்தது. எண்ணிக்கை எதுவாகவும் இருக்கட்டும். எனக்கு உறைத்தது வேறு. தங்கள் நாடா எரிந்ததா இல்லையா என்ற கேள்வியே பல கலைஞர்களுக்குப் பதினொரு வருடம் கழித்துப் பத்திரிகையைப் படித்துத்தான் வந்தது.

ஆகவே கைக்குள் வைத்துக்கொண்டாலும் ஆபத்து, கம்பெனியிடம் கொடுத்தாலும் ஆபத்து. வேறுபாடு ஒன்றுதான். நள்ளிரவில் கூரை பறக்கும்போது யார் ஓடி வருவார்கள்? சுயாதீனம் என்ற சொல்லை நாம் ஏதோ விடுதலையைக் குறிக்கும் கொடிபோல ஏந்துகிறோம். வுட்லண்டைப் பார்த்தால் அது ஒரு இராக்காவல் வேலை என்று தோன்றுகிறது. லாபம் வந்தால் உன்னுடையது, மழை வந்தாலும் உன்னுடையது.

வானம் ஏற்றிய ரயில்

டொர்னேடோ வந்து பத்து நாட்களில் கோவிட் உலகத்தை அடைத்தது. கச்சேரி இல்லை, கூடத்துக்குக் கூரையும் இல்லை. இருவரும் வீட்டில் உட்கார்ந்து பழைய பாடல்களைத் தங்களுக்காகப் பாடினார்கள். ஒரு நாடாக் கருவியில் பதிவு செய்தார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் பாடுவேன் என்று பத்தொன்பது வருடம் முன்பு எழுதியது இப்படி நடந்தது. 2020 ஜூலையில் 'ஆல் த குட் டைம்ஸ்' என்று வெளியான அந்தத் தொகுப்பு அடுத்த ஆண்டு சிறந்த நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது.

கூடவே, காப்பாற்றிய பெட்டிகளைத் திறந்தார்கள். 48 பாடல்களும் அதே ஆண்டின் பிற்பாதியில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. கடன் தீர்க்க எழுதியவை, வெளியிடத் தகுதியில்லை என்று மூடிவைத்தவை. ஒரு மணிநேர மழையில் போயிருக்கக் கூடியவை என்று தெரிந்தபின், தகுதி பற்றிய அளவுகோலே மாறிவிட்டது.

பிறகு கட்டடத்தைச் சரிசெய்தார்கள். அங்கேயே பதிவு செய்தார்கள். 'வுட்லண்ட்' ஆல்பம் 'எம்ப்டி ட்ரெய்ன்லோட் ஆஃப் ஸ்கை' என்ற பாட்டோடு தொடங்குகிறது. காலியான சரக்குப் பெட்டிகளின் திறந்த கதவுகள் வழியாக மறுபக்கத்து வானம் தெரிகிறது. ரயில் வானத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. கூரை போன கட்டடத்தில் நின்றவர்களின் பாட்டு என்று நினைத்துக் கேட்டால் அந்த வானம் வேறு மாதிரி இருக்கும். முன்பிருந்த இரட்டைக் கிதாரின் சிக்கனம் இதில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. டிரம்ஸ் வருகிறது, பெடல் ஸ்டீல் வருகிறது, வயலின்கள் வருகின்றன. ஆனாலும் எதுவும் குரலைத் தாண்டி முன்னால் வந்து நிற்பதில்லை.

'ஹேஷ்டேக்' என்ற பாட்டு தங்கள் மூத்த நண்பரும் பாடலாசிரியருமான கை க்ளார்க்கை நினைத்து எழுதியது. இவரைப்போன்ற பாடகர்கள் செய்தியாவது இறந்த அன்று மட்டும்தான் என்ற உண்மையைச் சுற்றி நகரும் பாட்டு. செத்தால்தான் ஹேஷ்டேக். கேட்கும்போது சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிடும். இந்த ஆல்பத்துக்கும் 2025 பிப்ரவரியில் சிறந்த நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஆல்பத்தின் அட்டையைத்தான். 1996லிருந்து இவர்கள் சேர்ந்தே எழுதினார்கள், சேர்ந்தே வாசித்தார்கள். பெயர் மட்டும் பெரும்பாலும் 'கில்லியன் வெல்ச்' என்று வந்தது. சிலவற்றில் ராலிங்ஸ் பெயர் தனியாக வந்தது. சொந்தப் பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்று இரண்டு பெயரையும் சேர்த்துத் தாங்கி வந்தது இதுதான் முதல் முறை. 28 வருடம் ஆகியிருக்கிறது. அவர்களே முதலாளிகள், அவர்களே அச்சடிப்பவர்கள், யாரும் தடுக்கவில்லை, அப்படியும் இவ்வளவு காலம்.

லெஸ்லி ரிடில் மலைப்பாதையில் ஏறி மெட்டுகளைச் சேகரித்த நாட்களில் அவருக்கு நாடாவும் இல்லை, பெட்டியும் இல்லை, அட்டையில் பெயரும் இல்லை. மொத்தமும் மனதில்தான். அந்த மெட்டுகள் கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகள் வழியாக மேபெலின் விரல்களுக்கும், மேபெலின் விரல்கள் வழியாக 1971இல் வுட்லண்ட் அறைக்கும் வந்து சேர்ந்தன. கார்ட்டர் குடும்பத்தின் பழைய பதிவுகளை இனி கேட்கும்போது, ஏ.பி.யின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளலாம். செலவில்லாத வேலைதான்.